மதுரையில் மனை: எந்தப் பக்கம் வேண்டாம்?

கேள்வி: ஓய்வுபெற்ற பணத்தில் மதுரைக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட நினைக்கிறேன். தோப்பூர், ஆனையூர், வண்டியூர் என்று புரோக்கர்கள் ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். எந்த ஏரியாவை ஒதுக்கலாம்?

பதில்: ஊர்ப் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள் ஐயா, சர்வே எண்ணைப் பாருங்கள். ஒரே ஊரில் நல்ல மனையும் இருக்கும், கண்மாய்க் கரையை வெட்டிப் போட்ட மனையும் இருக்கும். இரண்டாவதுதான் ஆகவே ஆகாது. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க வேண்டாம். புரோக்கர் சித்திரை வெயிலில்தான் காரில் கூட்டிப்போவார். நீங்கள் ஐப்பசியில் தனியாகப் போய்ப் பாருங்கள்.

தோப்பூர் என்றாலே எய்ம்ஸைக் காட்டி விலை சொல்கிறார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய மருத்துவமனை அது. 2022இல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில்தான் படிக்கத் தொடங்கினார்கள். வரப்போகும் ஆஸ்பத்திரிக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஏமாற்று. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இல்லாமல், தானாக லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி எண்ணையும், எட்டு மனைக்கு மேலான புது லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணையும் கேளுங்கள். 'இன்னைக்கே டோக்கன் போடுங்க சார், நாளைக்கு இருக்காது' என்று அவசரப்படுத்துபவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பதியக்கூடாது என்பது விதி. அதில் ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவான இடம், அங்கீகாரம் இல்லாவிட்டாலும் மறுபடி பத்திரப்பதிவு ஆகும். 'பதிவாகுதே, அப்புறம் என்ன பயம்?' என்பார் புரோக்கர். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. வரன்முறைப்படுத்தாத, அதாவது பின்னால் விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்காத மனையில் வீடு கட்ட பிளான் அனுமதி கிடைக்காது. அதனால் விற்பவரிடம் வரன்முறை உத்தரவின் நகலைக் கேளுங்கள். 'விண்ணப்பம் போட்டாச்சு' என்ற ரசீது உத்தரவு ஆகாது. லேஅவுட்டுக்கு உத்தரவு இருந்தாலும் உங்கள் மனைக்குத் தனியாக வேண்டும். வாய்க்கால், கண்மாய் நிலத்தில் போட்ட மனைக்கு அதுவும் கிடைக்காது.

பத்திரம் பதிவது ஒரு துறை, நிலம் புறம்போக்கா என்ற கணக்கு வேறொரு துறை. இரண்டும் ஒரே அரசுதான். ஒன்று மற்றொன்றைக் கேட்டுவிட்டுப் பதிந்தால் எத்தனை பேரின் சேமிப்பு தப்பியிருக்கும்! அவர்கள் செய்யாததை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சர்வே எண்ணைப் போட்டால், நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேடு அரசின் இணையதளத்திலேயே வரும். அந்த இடத்தில் இதுவரை நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்கு எடுங்கள். புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடத்தில்) மனைக்குள் ஓடையோ வாய்க்காலோ காட்டியிருந்தால், புரோக்கர் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.