டெல்லியில் பத்துக்குப் பத்து வாடகை அறைக்கு எந்தச் சிறிய ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்?

கேள்வி: யூபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க டெல்லி பழைய ராஜிந்தர் நகருக்கு வருகிறேன். பத்துக்குப் பத்து அறை, நண்பரும் நானும். மேசைமேல் வைக்கும் 2,500 ரூபாய்க் கருவி போதுமா, எட்டாயிரம் பத்தாயிரம் என்று செலவழிக்க வேண்டுமா? சத்தம் இருந்தால் எனக்குப் படிப்பு ஓடாது.

பதில்:

போதாது. நண்பரும் நீங்களும் பாதிப் பாதி போட்டு எட்டாயிரத்துப் பக்கம் போங்கள். கை தாங்கினால் அதற்கும் ஒரு படி மேலே. சத்தம் ஆகாது என்று சொல்லும் உங்களுக்குத்தான் பெரிய கருவி வேண்டும். இது முரணாகத் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

முனிர்க்காவில் வாடகை அறைகளில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் நான். அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அடித்தாளைக் கொளுத்தும் புகை, அதோடு தீபாவளி, அதற்குப்பின் ஜனவரி முடியும்வரை ஊரின் சொந்தப் புகை. நம் ஊரில் போகிப் புகைக்கே மூக்கைப் பொத்துகிறோம். இங்கே அது ஒரு பருவம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 400ஐத் தொட்டால் காற்றில் பிஎம் 2.5 எனும் நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் இருக்கிறது என்று பொருள். இந்தியத் தர அளவு 24 மணி நேரச் சராசரியாக 60. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி அளவு 15. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

விளம்பரத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் சிஏடிஆர் ஒன்றுதான். கருவி மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது அது. ‘இத்தனை சதுர அடிக்கு ஏற்றது’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். உதாரணத்துக்கு பிலிப்ஸின் 800 வரிசைச் சிறிய கருவி. அதன் சிஏடிஆர் 190 கன மீட்டர். ஐரோப்பியச் சந்தையில் அதை 49 சதுர மீட்டர் வரை போதும் என்று விற்றார்கள். பத்தடி உயரக் கூரை உள்ள 49 சதுர மீட்டர் வீட்டில் அது மணிக்கு ஒன்றரை முறைகூடக் காற்றைச் சுத்தம் செய்து முடிக்காது. அதே கருவி உங்கள் அறையில் ஆறு முறைக்கு மேல் செய்துவிடும். கருவி நல்ல கருவிதான். பெட்டி மேல் உள்ள சதுர அடிதான் பெருமைப்பேச்சு.

பத்துக்குப் பத்து அறை, கூரை பத்தடி என்றால் ஆயிரம் கன அடி, அதாவது ஏறக்குறைய 28 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டும் என்பது பொதுவாக வைக்கும் அளவு. ஐந்தை 28ஆல் பெருக்கினால் 140. ஆக, 140 கன மீட்டர் சிஏடிஆர் உள்ள எதுவும் போதும் என்று முடித்துவிடலாமே என்பீர்கள். இங்கேதான் தூக்கம் குறுக்கே வருகிறது. அச்சிட்டிருக்கும் சிஏடிஆர் உச்ச வேகத்துக்கானது. உச்ச வேகத்தில் எந்தச் சிறிய கருவியும் இரையும். ஐகியாவின் ஃபோர்நுஃப்டிக் உச்ச வேகத்தில் 130 கன மீட்டர் தருகிறது, சத்தம் 60 டெசிபல். பக்கத்தில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் அளவு. அடி வேகத்தில் 28 டெசிபல், இருப்பதே தெரியாது. ஆனால் அப்போது சுத்தமான காற்றும் கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். படிக்கும்போதும் தூங்கும்போதும் நீங்கள் எந்த வேகத்தில் வைப்பீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் உங்கள் அறையில் 130 கன மீட்டர்க் கருவி கிடையாது, முப்பது நாற்பது கன மீட்டர்க் கருவிதான் இருக்கிறது.

ஆகவே சிறிய கருவிகளை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி இது: தூங்கக்கூடிய சத்தத்தில் இது எவ்வளவு காற்றைத் தரும்? நடு வேகத்தில் உச்ச அளவின் பாதி கிடைக்கும் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஷாவ்மியின் 4 காம்பாக்ட் உச்சத்தில் 230, லெவாய்ட்டின் கோர் 300 சுமார் 240. பாதி என்றால் 115, 120. உங்கள் அறைக்கு மணிக்கு நான்கு முறை. இது சமாளிக்கக்கூடிய அளவு. பிலிப்ஸ் 800இல் பாதி 95, மூன்று முறைக்குச் சற்று மேல். ஐகியாவில் 65, இரண்டரை முறைகூட இல்லை. மலிவு, அழகு, சுவரில் மாட்டலாம் என்பதெல்லாம் உண்மை. ஆறேழு சதுர மீட்டர் அறையில் தனியாக இருப்பவருக்கு அது பொருந்தும். இருவர் இருந்து, கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும் அறைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வடிகட்டியும் அதில் ஈபிஏ 12 தரம், துகளில் 99.5 சதவீதத்தைப் பிடிக்கும். மற்றவர்கள் ஹெச் 13 என்று சொல்வது 99.95 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பேசுவார்கள். அறைக்குள் ஒரே காற்று திரும்பத் திரும்ப வடிகட்டி வழியாகப் போவதால் இந்த அரை சதவீதத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு காற்று போகிறது என்பதே முக்கியம்.

350, 400 கன மீட்டர் உள்ள அடுத்த அளவுக் கருவிகள் பத்தாயிரத்துக்கு மேல் போகும். தரையில் கொஞ்சம் இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அவற்றை அடி வேகத்துக்குச் சற்று மேலே வைத்தாலே நூறுக்கு மேல் கிடைக்கும், அதுவும் கிசுகிசு அளவுச் சத்தத்தில். நான் கடைசியாக வந்து நின்றது இந்த அளவில்தான். பணம் இடித்தால் 230, 240 அளவுச் சிறிய கருவிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வேண்டாம்.

அந்த 2,500 ரூபாய் மேசைக் கருவிகளைப் பற்றி இரண்டு வரி. பெரும்பாலும் யூஎஸ்பியில் ஓடும், உள்ளங்கை அகல வடிகட்டி, சிஏடிஆர் எங்கேயும் எழுதியிருக்காது. எழுதாததற்குக் காரணம் உண்டு. சிலவற்றில் வடிகட்டியே இல்லை, ‘அயனி’ என்று மட்டும் இருக்கும். அயனியாக்கும் கருவிகளில் சில ஓசோனையும் வெளியிடும். மூச்சுக்குழாய்க்கு அது எரிச்சல். கலிஃபோர்னியா மாநிலம் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கு 0.050 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.05 பங்கு) என்று ஓசோன் வரம்பு விதித்துச் சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழ் உள்ள கருவியா என்று பாருங்கள், அல்லது அயனிப் பொத்தானை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கருவியைவிட முக்கியமான ஒன்று உங்கள் அறைக் கதவு. ராஜிந்தர் நகர், முகர்ஜி நகர் அறைகளில் கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும். ஜன்னல் சட்டம் உட்காராது. வெளியே 250 மைக்ரோகிராம் இருக்கிறது, மணிக்கு ஒரு அறை அளவுக் காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வருகிறது என்று வையுங்கள். நூறு கன மீட்டர் ஓட்டத்தில் அறைக்குள் சுமார் 55இல் வந்து நிற்கும். கருவியை இருநூறுக்கு ஏற்றினால் 31. கருவியைத் தொடாமல், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்துக் கசிவைப் பாதியாக்கினாலும் அதே 31தான். மாறாகக் கசிவு இரண்டு மடங்கானால் 90ஐத் தொடும். சுவரில் படிவது போன்றவற்றை விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்குதான், ஆனால் நடப்புக்கு வெகு தூரமில்லை. ஒட்டும் ஃபோம் பட்டையும் கதவின் அடியில் பொருத்தும் ரப்பரும் சேர்ந்து சில நூறு ரூபாய். கருவி வாங்கியவர்கள் பலர் இதைச் செய்வதில்லை, பிறகு கருவி சரியில்லை என்று திட்டுகிறார்கள். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் வேலை முடிந்ததும் அணையுங்கள். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகத் தெருக் காற்று உள்ளே வரும்.

அடைத்த அறையில் இருவர் மூச்சுவிட்டால் கரியமில வாயு ஏறும். காலையில் தலை கனக்கும், புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். எந்தப் பியூரிஃபையரும் அதை எடுக்காது. நண்பகலுக்குப் பின் இரண்டு மணி முதல் நான்கு மணிக்குள் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். குளிர்கால இரவில் தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழ முடியாமல் பானைக்கு மூடி போட்டதுபோல் தங்கிவிடுகிறது. வெயில் ஏறியதும் மூடி விலகும். பெரும்பாலான நாட்களில் அந்த நேரத்துக் காற்றுதான் இருப்பதில் தேவலை. விடியற்காலையில் ‘சுத்தமான காற்று’ வரட்டும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் அங்கீட்டி என்ற கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே வரும். அது கார்பன் மோனாக்சைடு. இந்தக் கருவிகளில் துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அதைத் தொடக்கூடத் தொடாது. பியூரிஃபையர் ஓடுகிறதே என்று யாரும் உங்களிடம் தைரியம் சொன்னால் கேட்காதீர்கள்.

வாசனை பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று எல்லாச் சிறிய கருவியிலும் எழுதியிருக்கும். பலவற்றில் அது கரித்தூள் தடவிய மெல்லிய துணி. கரித்துண்டுகள் நிரப்பியதாக இருந்தால்தான் கொஞ்ச காலமாவது உழைக்கும். பக்கத்து அறையில் கடுகெண்ணெய் காய்ந்தால் வாசனை வரத்தான் செய்யும்.

ஆட்டோ நிலையையும் நம்பிவிடாதீர்கள். கருவியின் உணரி தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கிறது, அந்தக் காற்றோ தானே சுத்தம் செய்தது. அதனால் ‘எல்லாம் நலம்’ என்று சீக்கிரமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சீனா 2012இல் வகுத்த 24 மணி நேரத் தர அளவு 75. அதை ஒட்டிச் சில கருவிகளில் 75 வரை பச்சை விளக்குதான் எரியும். நம் தர அளவே 60 என்பது அதற்குத் தெரியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை கையால் நடு வேகத்தில் வைத்து விட்டுவிடுங்கள். வெளியே போய் வந்தால் அரை மணி நேரம் உச்சத்தில், அப்போது குளிக்கவோ சாப்பிடவோ போய்விடலாம். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஷாவ்மியின் சிறிய கருவி 27 வாட். முழு வேகத்தில் நாள் முழுக்க ஓடினாலும் 0.65 யூனிட், மாதம் இருபது யூனிட்டுக்குள். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினால்கூட இருநூறு ரூபாய், அதிலும் பாதி நண்பருடையது.

உண்மையான செலவு வடிகட்டி. ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று கம்பெனி சொல்வது இந்த ஊரை நினைத்துச் சொன்னதல்ல. டெல்லிக் குளிர்காலம் ஒன்று ஓடினால் வெள்ளை வடிகட்டி கரும்பழுப்பாகிவிடும். கருவியை வாங்குமுன் அதற்கான வடிகட்டி என்ன விலை, இப்போதும் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடல்களில் சிக்கலே இதுதான்: கருவி ஐயாயிரம், வடிகட்டி மூவாயிரம், அதுவும் கையிருப்பில் இல்லை. வெளிச்சுற்றில் உள்ள முன்வடிகட்டியை வாரம் ஒருமுறை தூசி தட்டுங்கள். ஹெப்பாவைக் கழுவக் கூடாது. நனைந்தால் நார்கள் கெட்டு வீணாகும். போலி வடிகட்டி நிறைய உண்டு, ஆகவே பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள்.

பணம் உண்மையிலேயே இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. 2013இல் பெய்ஜிங்கில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் டால்ஹெல்ம் சாதாரண மின்விசிறி ஒன்றில் ஹெப்பா வடிகட்டியைக் கட்டி, துகள் குறைவதை அளந்து காட்டினார். ஸ்மார்ட் ஏர் என்ற நிறுவனம் அதிலிருந்துதான் வந்தது. இயற்பியல் அவ்வளவுதான்: ஒரு விசிறி, ஒரு வடிகட்டி, இடையில் காற்று ஒழுகாத இணைப்பு. சத்தம் மட்டும் அதிகம். உங்களுக்கு அது ஒத்துவராது என்பதால்தான் முதலிலேயே சொல்லவில்லை.

வைக்கும் இடம்: இரண்டு கட்டில்களுக்கும் நடுவே, தலைமாட்டுப் பக்கம். உருளை வடிவக் கருவிகள் சுற்றிலும் காற்றை இழுப்பவை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது வையுங்கள். திரைச்சீலை ஒட்டக் கூடாது.

அறையைப் பார்த்து முன்பணம் கொடுத்த பிறகு வாங்குங்கள். கூரை உயரமும் கதவு இடுக்கும் தெரிந்தால்தான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கு உதவும். ஆனால் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். ஏக்யூஐ 400ஐத் தாண்டும் வாரத்தில் ஊரே வாங்கும், நீங்கள் குறித்து வைத்த மாடல் தீர்ந்துபோய்க் கடைக்காரர் கையில் இருப்பதைத் தள்ளிவிடுவார். செப்டம்பர் கடைசியில் இணையத் தள்ளுபடி விற்பனைகள் நடக்கும்போதே கருவியையும் கூடவே ஒரு மாற்று வடிகட்டியையும் வாங்கிவிடுங்கள்.