பேராசிரியர்கள் பொதுமக்களுக்கு நடத்தும் இணையவழி உரைகளால் யாருக்காவது நிஜமாகவே பயன் உண்டா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், அப்படி ஏதோ ஓர் உரையில் மாட்டிக்கொண்டு பாதியில் வெளியேறியவர் நீங்கள் என்று தோன்றுகிறது. அது என் உரையாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். சிவில் துறையில் 19 வருடமாகக் கான்கிரீட் பாடம் எடுக்கிறேன். பொதுமக்களுக்கென்று இதுவரை 11 உரைகள் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டால் யாருக்கும் பயன் இல்லை. எனக்கு இருந்தது, ஆண்டறிக்கையில் ஒரு வரி கூடியது.

முதல் உரைக்கு 'வீடு கட்டுவோருக்கான கான்கிரீட்' என்று பெயர். தலைப்பு மட்டும்தான் வீடு கட்டுவோருக்கு. உள்ளே இருந்ததெல்லாம் என் வகுப்பறைக் குறிப்புகள், 62 ஸ்லைடுகளாக. 1918-இல் டஃப் ஏப்ரம்ஸ் சொன்ன நீர்-சிமெண்ட் விகித விதி (சிமெண்ட்டின் எடைக்குத் தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்பது), அதன் சமன்பாடு, வளைகோடு எல்லாம் உண்டு. 50 நிமிடம் பேசினேன். எல்லோரும் மியூட்டில், கேமராவும் இல்லை. வகுப்பில் முன் பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே அந்தக் கொட்டாவிகூடக் கண்ணில் படவில்லை.

முடியும் நேரத்தில் ஒருவர் மைக்கை ஆன் செய்தார். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம்.

"சார், நான் கொத்தனார். தண்ணி அதிகம் ஊத்தாதீங்கன்னு சொல்றீங்க. கொட்டி முடிக்கறதுக்குள்ள கலவை இறுகிடுது, கரண்டி இறங்க மாட்டேங்குது. தண்ணி ஊத்தாம அப்ப என்ன பண்றது?"

நான் சொன்ன பதில்: "விகிதத்தை 0.5-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

"சரிங்க சார்" என்றார். புரியாத மாணவர்கள் தப்பித்துப் போகச் சொல்வார்களே, அதே சரி. மைக் அணைந்தது.

மறுநாள் இதை எங்கள் லேப் அசிஸ்டென்டிடம் சொன்னேன். என்னைவிட மூத்தவர், அவரைத் துறையில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சிரித்துவிட்டார். "மூட்டைக்கு எத்தனை லிட்டர்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே சார்" என்றார்.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். 0.5 என்றால் அவ்வளவுதான். 19 வருடம் பாடம் எடுத்தவனுக்கு அதை லிட்டரில் சொல்ல வாய் வரவில்லை. இத்தனைக்கும் அவர் கேட்டது அதுகூட இல்லை, கலவை சீக்கிரம் இறுகினால் தண்ணீர் ஊற்றாமல் என்ன செய்வது என்பதுதான். வெயிலில் காய்ந்த ஜல்லி, கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். முதலிலேயே நனைத்து, மேல் தண்ணீர் வடிந்தபின் போட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்கிற அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். அப்படியும் கெட்டியாக இருந்தால் சூப்பர் பிளாஸ்டிசைசரை (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக வைக்கும் ரசாயனம்), தயாரித்தவர் சொன்ன அளவில், அளந்து சேர்க்கலாம். அதுவும் இல்லையென்றால் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் 2 கிலோ சிமெண்ட்டுக்கு 1 லிட்டர் என்று சேர்த்தே போடலாம். இறுக ஆரம்பித்துவிட்ட கலவை என்றால் கொட்டிவிட வேண்டியதுதான், அதற்குத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்க முடியாது. இன்னொன்று, மழையில் நனைந்த மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் 100 கிலோ மணலே 5 லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். அன்றைக்கு 25-இல் அதைக் கழிக்க வேண்டும்.

(சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவதற்கு, அதாவது நீரேற்றத்துக்கு, விகிதம் 0.4 பக்கம் இருந்தாலே போதுமே என்று கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். தெரியும். கையால் கலந்து கரண்டியால் பரப்புகிறவரிடம் அந்தக் கலவையைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பெரிய வேலைகளுக்கு கலவை அளவுகளைக் கணக்கிட்டு மிக்ஸ் டிசைன் செய்யும் பொறியாளரைக் கேட்காமல் என்னைக் கேட்பதும் தப்பு.)

மூன்றாவது உரையில் ஸ்லைடே வைக்கவில்லை. அண்ணன் ஒரு மாதம் முன்பே இரண்டு விதக் கலவையில் கட்டிகள் வார்த்து 28 நாள் தண்ணீரில் வைத்திருந்தார். ஒன்று மூட்டைக்கு 25 லிட்டர் கணக்கு, இன்னொன்று 30. நேரலையில் இரண்டையும் அழுத்து இயந்திரத்தில் வைத்து உடைத்தோம். முதலாவது தாங்கிய சுமையில் ஐந்தில் நான்கு பங்கைக்கூட இரண்டாவது தாங்கவில்லை. வெறும் 5 லிட்டர் வித்தியாசம். நான் பேசியது 20 நிமிடம், அப்புறம் 40 நிமிடமும் கேள்விகள்தான். அன்றைக்கு யாருக்கோ பயன் இருந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு சக பேராசிரியர், "இவ்வளவு கீழே இறங்கிப் போகணுமா?" என்று கேட்டார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளுக்கு வழி செய்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. ஒற்றை மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு வேதியியல் சொன்னவர். அவருக்குக் குறையாத மரியாதையா எனக்குக் குறைந்துவிடும்?

உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு விஷயம். பேச ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் சாட்டில் வரும்: "சார், சர்டிபிகேட் எப்போ வரும்?" வருகைப் பதிவுப் படிவத்தை அனுப்பியவுடன் பாதிப் பேரைக் காணோம். ஒருவர் பெயரில் எழுத்து மாறிவிட்டது என்று நான்கு மின்னஞ்சல் அனுப்பினார். உரையைப் பற்றி ஒரு வரி இல்லை. நிர்வாகத்துக்கோ முகங்கள் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் வேண்டும். அதற்காக வீடு கட்டிக்கொண்டிருக்கிற மனிதர்களை "எல்லாரும் ஒரு நிமிஷம் கேமராவை ஆன் பண்ணுங்க" என்று நான் கெஞ்ச வேண்டும். மணல் ஈரத்தைப் பற்றிய கேள்வி பாதியில் நிற்கும், நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை.

அந்தக் கொத்தனாரிடம் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று பதிவுப் பட்டியலில் தேடினேன். பெயரே கொடுக்கவில்லை, திரையில் இருந்தது அவருடைய கைபேசி மாடலின் பெயர். இப்போதும் ஒவ்வோர் உரையிலும் பட்டியலில் அதைத் தேடுகிறேன். நான்கைந்து பேர் அதே பெயரில் இருக்கிறார்கள்.