கொழும்பு–மட்டக்களப்புத் தடத்துக்கு ஹைபிரிட் மின்சார செங்குத்து விமானம், அதாவது எஞ்சினும் பற்றரியும் சேர்ந்து ஓட்ட, நின்ற இடத்திலிருந்தே எழுந்து இறங்கும் விமானம், சரிவருமா? முழுக்கப் பற்றரியில் ஓடாமல் எதற்கு எஞ்சின்?

தூரம் பிரச்சினையே இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்புக்கு ஆகாய வழியில் 210 கிலோமீற்றர் அளவில்தான் வரும். ஆனால் இந்தத் தடத்தில் செங்குத்தாக எழும் வசதிக்குக் கொடுக்கிற விலை, அதனால் கிடைக்கிற பலனைவிடக் கூட.

முதலில் எஞ்சின் ஏன் என்பது. எடை 2,500 கிலோ, இறக்கைக்குள் பதித்த விசிறிகளின் மொத்தப் பரப்பு 6 சதுர மீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்தரத்தில் நிற்க 1 மெகாவாற் வேண்டும். இறக்கையே எடையைத் தாங்க, மணிக்கு 300 கிலோமீற்றரில் முன்னோக்கிப் பறக்கத் தொடங்கினால் 210 கிலோவாற் போதும். மேலெழுவதும் இறங்குவதும் சேர்ந்து இரண்டு நிமிடம், பாதுகாப்புக்கு இன்னொரு நிமிடம் என்றால் 50 கிலோவாற் மணி. 210 கிலோமீற்றர் பறக்க 150, அரை மணிநேர இருப்புக்கு 105. பற்றரியை அடிவரை வற்றவிட முடியாது, 80 வீதம்தான் எடுக்கலாம். கிலோவுக்கு 200 வாற் மணி தரும் பொதியாக இருந்தாலும் எடை 1,900 கிலோ வரும். 2,500 கிலோ விமானத்தில் அதை ஏற்றிவிட்டு ஆட்களை எங்கே ஏற்றுவது?

அதே பயண வேலையையும் இருப்பையும் சிறிய டர்பைன் ஒன்று ஜெனரேற்றரைச் சுற்றிச் செய்தால், வீணாகும் சூட்டையெல்லாம் கழித்த பிறகும், 100 கிலோ சொச்சம் எரிபொருள் போதும். அதாவது 130 லீற்றர். பற்றரி அந்தரத்தில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கைகொடுக்கும், பறக்கும்போது ஜெனரேற்றர் அதைத் திரும்ப நிரப்பிவிடும். மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கும் திமிலதீவில் பெரிய சார்ஜர் நிறுவத் தேவையில்லை, எரிபொருள் இருந்தால் போதும். எங்கள் பகுதிக்கு இந்த வகையின் உண்மையான அனுகூலம் இதுதான்.

கனடாவின் ஹொரைசன் நிறுவனம் செய்யும் கவோரைட் எக்ஸ்7 இந்த வழியில்தான் போகிறது. ஏழு இருக்கை, இறக்கைகளுக்குள் 14 விசிறி. முன்னோக்கிப் பறக்கும்போது விசிறிகளுக்கு மேல் மூடி விழுந்து சாதாரண இறக்கையாகிவிடும். அரை அளவு மாதிரி 2025இல் அந்தரத்தில் நிற்பதிலிருந்து இறக்கையில் பறப்பதற்கு முழுமையாக மாறிப் பறந்து காட்டியது. பற்றரியை மட்டும் நம்பி சிறு விசிறிகளோடு வந்த ஜேர்மனியின் லிலியம் 2024 ஒக்டோபரில் திவால் மனுவுக்குப் போனது. பணமில்லாமல் போனதுதான் உடனடிக் காரணம், ஆனாலும் மேலே போட்ட கணக்கு அவர்களையும் விட்டிருக்காது.

இனிச் சிக்கல்கள். பற்றரியின் அளவைத் தீர்மானிப்பது அது சேமிக்கும் மின்சாரம் அல்ல, அதை வெளியே கொடுக்கும் வேகம். ஜெனரேற்றர் 400 கிலோவாற் கொடுத்தாலும் மிச்சம் 600ஐ 50 கிலோவாற் மணிப் பொதியிலிருந்து உறிஞ்ச வேண்டும். அந்த வேகத்தில் முழுப் பொதியும் ஐந்தே நிமிடத்தில் காலி. கலங்கள் கொதிக்கும், ஆயுள் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் 35 பாகையில் காற்றின் அடர்த்தி குறைவதால் எழும்பத் தேவைப்படும் வலு 3 வீதம் கூடும். அதே சூட்டில் டர்பைன் கொடுக்கும் வலுவோ 10 வீதமளவு குறையும். இரண்டையும் ஈடுகட்ட வேண்டியது ஏற்கெனவே சூடாயிருக்கும் பற்றரிதான். ஆகவே வெயில் நாளில் மத்தியானப் பயணத்துக்கு ஓரிரு ஆளை இறக்கித்தான் ஆக வேண்டும்.

டர்பைன் நடுவழியில் நின்றால்? பற்றரியில் 11 நிமிடம், ஏறக்குறைய 55 கிலோமீற்றர் போகலாம். அதையும் செலவழித்தபின் செங்குத்தாக இறங்க வலு மிஞ்சாது, ஓடுபாதைதான் வேண்டும். நேர்கோடு நக்கிள்ஸ் மலைக்கு மேலால் போகிறது. நான் திட்டமிட்டால் சீகிரியா, ஹிங்குராக்கொடைப் பக்கமாக வளைப்பேன். 30 கிலோமீற்றர் கூடும், ஆறு நிமிடம். ஆனால் இரு ஓடுபாதைகள் எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆட்கள் கவனிக்காத விசயம் கீழே அடிக்கும் காற்று. இந்தப் பரப்புக்கு அது மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டும். மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்திலோ கல்லடிக் கடற்கரையிலோ இறக்கலாம் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சுற்றியுள்ள கூரைத் தகரங்களும் ஓடுகளும் பறக்கும், மணல் விசிறி அலகுகளை அராவும், உப்புக்காற்றில் மின் இணைப்புகள் பூத்துவிடும். கொங்கிறீற் தளமும் அதைச் சுற்றி வெறும் இடமும் கட்டாயம். வாவியோரக் கொக்குக் கூட்டங்களை நினைத்தால், திறந்த விசிறிகளுக்கு வலை போடுவதா என்ற கேள்வியும் வரும். வலை போட்டால் உந்துவிசை குறையும்.

ஆகவே மட்டக்களப்பில் இருக்கிற ஓடுபாதையில் சாதாரண விமானம்போல ஓடி எழட்டும், அப்படியானால் சுமையும் கூட ஏற்றலாம். செங்குத்து இறக்கத்தை ஓடுபாதை இல்லாத மறுமுனைக்கு, உதாரணமாகக் கொழும்பில் வைத்தியசாலையோரத் தளம் ஒன்றுக்கு, ஒதுக்கலாம். இரு முனையிலும் ஓடுபாதை என்றால் இப்போதைய செஸ்னா கரவன் என்ற சிறு ஒற்றை எஞ்சின் விமானமே மலிவு. அதற்கு 600, 700 மீற்றர் ஓடுபாதை போதும்.

ஆட்களை ஏற்றும் இந்த ஹைபிரிட் செங்குத்து விமானம் எதற்கும் வகைச் சான்றிதழ், அதாவது அந்த வடிவமைப்பு பறக்கப் பாதுகாப்பானது என்ற அரச அங்கீகாரம், இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை ஏற்றுக்கொள்வதை எங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தனியாகத் தீர்மானிக்க வேண்டும். விமானியின் உரிமம், பராமரிப்பாளரின் உரிமம், உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யும் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகு.