வாசகர் கேள்வி – பதில்: கோச்சின் கண்டிப்பும் சீனியர்களின் பொறுப்பும்

கேள்வி: காரைக்குடிப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியின் மகளிர் ஹாக்கி அணியில் நான் ஆடுகிறேன். முன்பிருந்த கோச் எங்களைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்வார். இப்போது வந்திருப்பவர் யாரையும் கேட்பதில்லை. தவறு செய்தால் மைதானத்திலேயே சத்தம் போடுகிறார். மூன்றாம் ஆண்டு அக்காமார் அவர் முன்னால் வாய் திறப்பதில்லை. விடுதிக்கு வந்ததும் முதலாம் ஆண்டுப் பெண்களிடம் அவரைக் குறை சொல்கிறார்கள். ஆட்டம் மோசமாகிக்கொண்டே போகிறது. கோச்சை மாற்றச் சொல்வதா, பொறுத்துப் போவதா?
– இரண்டாம் ஆண்டு மாணவி, காரைக்குடி

பதில்: நீங்கள் கேட்டிருப்பது கோச்சைப் பற்றி, எனக்கோ விடுதியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய வரிதான் பெரிதாகப் படுகிறது.

கண்டிப்பானவர் கெட்ட கோச், கலந்து பேசுபவர் நல்ல கோச் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பிறந்து கனடாவில் ஆய்வு செய்த பாக்கியநாதன் செல்லத்துரை, 1980-இல் சாலே என்பவருடன் சேர்ந்து, கோச்சின் போக்கை அளப்பதற்கு 40 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். பயிற்சி கொடுப்பது, கலந்து முடிவெடுப்பது, தாமே முடிவெடுப்பது, ஆட்டக்காரர்களின் நலனில் அக்கறை காட்டுவது, நன்றாகச் செய்ததைப் பாராட்டுவது ஆகிய ஐந்தையும் அது தனித்தனியே பார்க்கிறது. ஆகவே முடிவைத் தாமே எடுக்கிற ஒருவர் அக்கறையில் குறைவில்லாதவராக இருக்கவும் இடமுண்டு. சூழ்நிலை கேட்பது, ஆட்டக்காரர்கள் விரும்புவது, கோச் உண்மையில் செய்வது ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் அளவுக்கே ஆட்டமும் மனநிறைவும் அமையும் என்பது செல்லத்துரையின் கோட்பாடு. உங்கள் அணியில் பழைய முறைக்குப் பழகியவர்கள் சீனியர்கள். முதலாம் ஆண்டுப் பெண்களுக்கு இவரைத் தவிர வேறு கோச்சைத் தெரியாது. அவர்கள் மனத்தில் குறையை விதைப்பது விடுதிப் பேச்சுதான்.

ஹாக்கியில் இதன் பாதிப்பு கூடுதல். வாலிபாலில் இருப்பது போல டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்த ஹாக்கி கோச்சுக்கு வழியில்லை. இடைவேளையில் சொன்னது சொன்னதுதான். பிறகு களத்துக்குள் அவருடைய சொல் சீனியர்களின் வாய் வழியாகவே போயாக வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய லேவாதேவிக் கடைகளை நினைத்துப் பாருங்கள்: முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடையை நடத்துபவர் மேலாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் தொழில் கற்பார்கள். முதலாளியின் கடிதத்தை மேலாளே பையன்கள் முன்னால் ஏளனம் செய்திருந்தால் அந்தக் கடை எத்தனை நாள் நின்றிருக்கும்? மேலாளின் பணிக்காலமும் பெரும்பாலும் மூன்று ஆண்டுதான், உங்கள் பட்டப்படிப்பைப் போலவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மைதானம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவது கோல்கீப்பருக்கு மட்டுமே. ஆளைப் பிடி, இடது பக்கம் அடை என்று தடுப்பாட்டக்காரர்களுக்குக் கத்திச் சொல்வது கோல்கீப்பரின் வேலையில் பாதி. அந்த இடத்தில் முதலாம் ஆண்டுப் பெண் நின்றால், மூன்றாம் ஆண்டு அக்காவைப் பெயர் சொல்லி அதட்ட வேண்டி வரும். மைதானத்துக்கு வெளியே அதே அக்காவின் ஸ்டிக்கையும் தண்ணீர்க் கேனையும் சுமக்கிற பெண்ணுக்கு அந்தக் குரல் எழும்பாது. மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டுக்குள் வந்தபின் அக்கா, தங்கை இல்லை என்பதைச் சீனியர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜூனியரால் அதைச் சொல்ல முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மகளிர் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அதே கோச் சோர்ட் மரைன், அதே கேப்டன் ராணி ராம்பால்; பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும், காலிறுதியில் ஆஸ்திரேலியாவையும் வென்று நான்காம் இடம் வரை வந்தார்கள். கோச்சுக்கு ஒரு பேச்சு, அறைக்கு ஒரு பேச்சு என்றிருக்கும் அணியால் அப்படித் திரும்பி வர முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே கோச்சை மாற்றும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். கேப்டனும் இன்னொரு சீனியரும் பயிற்சி முடிந்தபின் அவரைத் தனியாகப் பார்த்து, பிழைகளை எல்லார் முன்னிலையிலும் அல்லாமல் இடைவேளையில் எடுத்துச் சொல்ல இயலுமா என்று மட்டும் கேட்கட்டும். குறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனால் எந்தக் கோச்சும் முகம் சுளிப்பார். ஆனால் சத்தம் போடுவது வேறு. சாதியையோ குடும்பத்தையோ உடம்பையோ இழுத்துப் பேசுவது வேறு. பின்னது நடந்தால் பொறுக்க வேண்டியதில்லை. முதல்வரிடமும், பாலியல் தொடர்பானதாக இருந்தால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: கேப்டனை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்றால், விடுதி மாணவர்கள் ஒரு பக்கமும் ஊரிலிருந்து வந்துபோகிறவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகிறார்கள். நானே நியமிக்கலாமா?
– உடற்கல்வி இயக்குநர், தேவகோட்டை

பதில்: தாராளமாக நியமிக்கலாம், காரணத்தை மட்டும் அணி முழுவதும் கேட்கச் சொல்லிவிடுங்கள். அதிகக் கோல் போடுபவனே கேப்டன் என்ற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அணியினரின் நடத்தைக்கும், மாற்று ஆட்டக்காரர்கள் முறையாக இறங்குவதற்கும் கேப்டனே பொறுப்பு என்றும், அதில் தவறினால் அவருக்கே தண்டனை உண்டு என்றும் ஹாக்கி விதி சொல்கிறது. பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடமும் மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடமும் ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டிய ஆட்டத்தில், நடுவரிடம் சண்டைக்குப் போகும் தோழனைத் தோளைப் பிடித்து இழுத்து வருபவனே பயன்படுவான். துணைக் கேப்டனை இரண்டாம் ஆண்டிலிருந்து எடுங்கள். இவர்கள் படிப்பை முடித்துப் போகும்போது அடுத்தவன் ஆயத்தமாக இருப்பான்.