ஸ்பீச் தெரபிக்கு ஆறு மாத சர்டிபிகேட் போதுமா?

கேள்வி: மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். எங்கள் தெருமுனையில் உள்ள சென்டரில், “ஆறு மாத சர்டிபிகேட் போதும், வேலையும் நாங்களே தருகிறோம்” என்கிறார்கள். இதற்குப் போய் நான்கு வருடம் படிக்க வேண்டுமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: படிக்கத்தான் வேண்டும் அம்மா. அந்த சென்டரில் பணம் கட்டிவிடாதீர்கள். 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்வது குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு டிப்ளமா ஒன்று இருக்கிறது, டி.எச்.எல்.எஸ். என்பார்கள். அது உதவியாளர் வேலைக்கு. தானே பரிசோதித்து, சிகிச்சையைத் தீர்மானிக்க பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சலர் ஆஃப் ஆடியாலஜி அண்ட் ஸ்பீச்-லாங்வேஜ் பெத்தாலஜி) பட்டம் தேவை. மூன்று வருடம் வகுப்பு, நான்காவது வருடம் இன்டர்ன்ஷிப்.

பட்டத்தின் பெயரில் முதலில் வருவதே ஆடியாலஜிதான். பாதிப் படிப்பு காதைப் பற்றியது. ‘பேச்சு சொல்லித்தரப் போகிறேன்’ என்று ஆசையாகச் சேர்ந்து, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோமீட்டர் முன்னால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபலுக்கும் அதிர்வெண்ணைச் சொல்லும் ஹெர்ட்ஸுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பிறந்த குழந்தைக்கு பெரா டெஸ்ட், அதாவது சத்தத்துக்குச் செவி நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பரிசோதனை, எடுக்கத் தெரிய வேண்டும். இயற்பியல் பிடிக்குமா என்று மகளிடம் கேட்டுவிடுங்கள். காதா பேச்சா என்று பிரித்துப் படிப்பது எம்.எஸ்சி.யில்தான்.

சரி, பேச்சுப் பக்கம்? நான்கரை வயதுப் பையன் ஒருவன் காக்கா படத்தைக் காட்டினால் “தாத்தா” என்பான். பாட்டிக்கு ஒரே சிரிப்பு. நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டிய இடத்தில் அவனுக்கு நுனி எழும்புகிறது, அவ்வளவுதான். ‘கதவு’ கேட்டால் ‘ததவு’ வரும். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘க’வை மட்டும் தனியாக வரவழைக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதே பையன் ‘வாயப்பயம்’ என்றால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். அது கோளாறு இல்லை, அவன் வீட்டுத் தமிழ். இந்த இரண்டையும் பிரித்தறிவதை ஆறு மாதத்தில் யாரும் கற்றுத்தர முடியாது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் பயிற்சி தருவதும் இவர்கள் வேலைதான். அவர்களில் பலருக்குக் கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கிறார்கள். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் கேட்கவும் பேசவும் பழக்குவது மாதக்கணக்கான வேலை, அதற்குப் படித்த ஆள் வேண்டும்.

சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலும் போரூர் ராமச்சந்திராவிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. வெளியூர் பரவாயில்லை என்றால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். எங்கே சேர்த்தாலும், அந்தக் கல்லூரிக்கு இந்த வருடச் சேர்க்கைக்குக் கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டே ஃபீஸ் கட்டுங்கள். அதற்கு முன், அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் அனுமதி கேட்டு, மகளை ஒரு காலை நேரம் தெரபி அறையில் உட்காரவையுங்கள். ஒரே எழுத்தை நாற்பது தடவை சொல்லவைப்பதைப் பார்த்த பிறகும் படிக்கிறேன் என்றால் சேர்த்துவிடுங்கள்.