அம்மாவுக்குக் கன்னத்தில் ஷாக் அடிக்கிற வலி: மூன்றாவது பல்லையும் எடுக்கலாமா?

தம்பி, இரண்டு பல் பிடுங்கியும் அம்மாவின் வலது கன்னத்து வலி போகவில்லை, மூன்றாவதையும் எடுக்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பல் தேய்த்தாலோ காற்றுப் பட்டாலோ சில நொடி ஷாக் மாதிரி வெட்டிவிட்டு நிற்கிறது என்றால் அது ட்ரைஜெமினல் நரம்பு வலியாக இருக்கலாம், அதாவது முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பில் வரும் வலி. பெரும்பாலும் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்துவதால் வருவது. என் மாமியாருக்கு நல்ல பல் மூன்று போன பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் நரம்பியல் டாக்டரைப் பற்றி விசாரியுங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது, பெரும்பாலும் கார்பமசெபைன் என்கிற நரம்பு வலி மாத்திரையில்தான் தொடங்குவார்கள். தலை சுற்றும், ரத்தத்தில் சோடியம் குறையலாம், தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். வலி குறைந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன் உண்டு, அது அப்புறம்.

காற்று பலமாக அடிக்கிற ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் சீட் வேண்டவே வேண்டாம், வலியைக் கிளப்ப அந்தக் காற்றே போதும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) குழைய வேகவைத்து இளஞ்சூட்டில் கொடுங்கள். அப்புறம், அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் "என்னாச்சு"ன்னு கேட்காதீர்கள், பதில் சொல்ல வாயைத் திறந்தாலே மறுபடி வெட்டும்.