எம்ஜிபியா, டிரையம்ப் டிஆர்6-ஆ?

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்ஜிபி, டிரையம்ப் டிஆர்6 இரண்டில் செயல்திறனில் எது மேல்? எதை வாங்கலாம்?

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் டிஆர்6. ஆனால் எந்த வருடத்து டிஆர்6, எந்த நாட்டுக்காகச் செய்தது என்று கேட்காமல் இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது.

எம்ஜிபி 1962-ல் ஆபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வந்தது. 1798 சிசி, 4 சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட சுமார் 12 வினாடி ஆகும். உச்ச வேகம் 100 மைலைச் சற்றே தாண்டும். கோவென்ட்ரியில் தயாரான டிஆர்6 விற்பனைக்கு வந்தது 1969-ல். 2498 சிசி, வரிசையாக 6 சிலிண்டர், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன், 150 குதிரைத்திறன். அதே 60 மைலை 8 வினாடிச் சொச்சத்தில் எட்டிவிடும். உச்ச வேகம் 120 மைலுக்குப் பக்கத்தில்.

இந்த எண்கள் பிரிட்டனில் விற்ற முதல் வருடங்களின் காருக்கு மட்டும்தான். டிஆர்6-இல் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. அங்கே புகைக் கட்டுப்பாட்டுக்காக இன்ஜெக்‌ஷனை எடுத்துவிட்டு இரட்டை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் வைத்தார்கள். சக்தி 105 அளவுக்கு இறங்கியது. 60 மைலுக்கு 10 வினாடிக்கு மேல் ஆகும், எம்ஜிபியுடன் உள்ள இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிடும். 1973 மாடலிலிருந்து பிரிட்டிஷ் காரும் 125 குதிரைத்திறன் என்றே அறிவிக்கப்பட்டது. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மிதமான வகைக்கு மாற்றியது ஒரு காரணம். அளக்கும் முறையும் மாறியது என்பதால் அந்த 25 முழுவதும் நிஜமான இழப்பு இல்லை.

அப்புறம், கட்டமைப்பு. வயதில் மூத்த எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. டிஆர்6-க்கு இன்னும் பழைய பாணியில் தனி சேஸி. பின் சக்கரங்களில் நிலைமை நேர் எதிர்: டிஆர்6-க்குத் தனித்தனி சஸ்பென்ஷன், எம்ஜிபிக்கு ஒரே ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும். ஆனாலும் வளைவுகள் நிறைந்த கிராமத்துச் சாலையில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது எம்ஜிபிதான். எடை 900 கிலோவை ஒட்டி இருப்பதால் திருப்பினால் உடனே திரும்பும், அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது முன்பே தெரியும். டிஆர்6-இன் அழகு நேர்ச் சாலையில். மூன்றாவது கியரிலேயே அந்த ஆறு சிலிண்டர் இழுக்கும் இழுப்பும் அதன் குரலும் எம்ஜிபியிடம் எந்த நிலையிலும் கிடைக்காது.

எம்ஜிபியிலும் வருடம் பார்க்க வேண்டும். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக ரப்பர் பம்பர் மாட்டி, காரின் உயரத்தையும் ஏற்றினார்கள். வளைவில் சாய்வு கூடிவிட்டது. குரோம் பம்பர் காரே என் தேர்வு. (வேகமும் வேண்டும், எம்ஜியும் வேண்டும் என்பவர்களுக்கு 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 இருக்கிறது. அதன் 3.5 லிட்டர் ரோவர் எஞ்சின் அலுமினியம் என்பதால் எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால் 2,500 சொச்சம்தான் செய்தார்கள்.)

வாங்குவதென்றால், முதல் பழைய கார் இது என்பவருக்கு நான் தயங்காமல் எம்ஜிபியைச் சொல்வேன். 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது, எல்லா உதிரிபாகமும் கிடைக்கும், பாடியே புதிதாக வாங்கலாம். கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியில் துரு இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் டிஆர்6 என்றால், அந்த லூகாஸ் அமைப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். டிக்கியில் உள்ள பெட்ரோல் பம்ப் சூடானால் தகராறு செய்யும். ஒருவர் கிளட்சை மிதிக்கும்போது எஞ்சினின் முன்னால், கிராங்க்ஷாஃப்ட் முனையில் உள்ள புல்லி நகர்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் கிராங்க்ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, அந்தக் காரை விட்டுவிடுங்கள்.